சிவிடி காரோடு பழகுதல்: டோபி காட் நெரிசல் முதல் கெந்திங் மலை வரை

சனிக்கிழமை மாலையில் தாங்ளின் பக்கமிருந்து ஆர்ச்சர்ட் ரோட்டில் வரும் கார்கள், விளக்குக்கு விளக்கு நின்று நகர்ந்து டோபி காட்டை வந்தடைகின்றன. அந்த வரிசையில் உள்ள ஜப்பானியப் பெட்ரோல் கார்களில் பலவற்றில் இருப்பது சிவிடி எனப்படும் படியில்லா கியர்பாக்ஸ். டொயோட்டா சியன்டா, ஹோண்டா ஜாஸ், பெட்ரோல் வெசல், நிசான் காஷ்காய், மிட்சுபிஷி அட்ராஜ் என்று பட்டியல் நீளும். பழைய ஆட்டோ காரிலிருந்து இதற்கு மாறியவர்கள் பட்டறைக்கு வந்து சொல்லும் முதல் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "எஞ்சின் கத்துது, கார் நகர மாட்டேங்குது."

இந்தப் புகார் சிலரது காரில் நோயின் அறிகுறி. பலரது காரில் அந்தப் பெட்டியின் பிறவிக்குணம். இரண்டையும் பிரித்தறியத் தெரியாததால் நல்ல கியர்பாக்ஸைச் சந்தேகித்துப் பணம் செலவழிப்பவர்களும் உண்டு, கெட்டுக்கொண்டிருக்கும் பெட்டியை "சிவிடி என்றால் இப்படித்தான்" என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. இந்த அத்தியாயம் இருவருக்குமானது.

முதலில், இருப்பது சிவிடிதானா?

டொயோட்டா பிரியஸ், கொரோலா ஹைபிரிட் ஆகியவற்றின் விவரத்தாளில் "இ-சிவிடி" என்றிருக்கும். அவற்றில் பெல்ட்டே கிடையாது; மின்மோட்டார்களும் கோள்சக்கர அமைப்பும்தான் வேலை செய்கின்றன. ஹோண்டாவின் இ:எச்இவி கார்களிலும் பெல்ட் இல்லை. முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட்டில் இருப்பதோ இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். இந்தக் கார்களுக்கு இங்கே சொல்லப்படும் எண்ணெய், பெல்ட் விஷயங்கள் பொருந்தா. காரின் கையேட்டில் "டிரான்ஸ்மிஷன்" பக்கத்தையும் எண்ணெய்ப் பட்டியலையும் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

கூம்பு வடிவத் தட்டுகளால் ஆன இரண்டு கப்பிகள், நடுவே ஓர் எஃகு பெல்ட். தட்டுகள் நெருங்கினால் பெல்ட் வெளிவிளிம்புக்கு ஏறும். விலகினால் உள்ளே இறங்கும். இரண்டு கப்பிகளும் எதிரெதிராக இப்படி மாறுவதால் விகிதம் வழுக்கிக்கொண்டே மாறுகிறது. முதல் கியர், இரண்டாம் கியர் என்ற படிகள் இல்லை. நெதர்லாந்தின் ஹப் வான் டோர்ன் 1958-இல் டாஃப் 600 காரில் இதை ரப்பர் பெல்ட்டோடு காட்டினார். பிறகு வந்த எஃகு பெல்ட், நூற்றுக்கணக்கான சிறு தகடுகளை மெல்லிய வளையங்களில் கோத்தது. தமிழ்நாட்டில் ஸ்கூட்டி, ஆக்டிவா ஓட்டிய எவரும் ரப்பர் பெல்ட் சிவிடியை ஏற்கனவே ஓட்டியவர்தான்.

நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: எஃகுத் தட்டும் எஃகு பெல்ட்டும் ஒன்றையொன்று இறுகப் பிடித்தபடி உராய்கின்றன. அந்தப் பிடியைத் தருவது எண்ணெயின் அழுத்தம். தேயாமல் காப்பது எண்ணெயின் குணம். எண்ணெயும் வெப்பமும் சரியாக இருந்தால் பெட்டி நீண்ட நாள் உழைக்கும்.

எது இயல்பு, எது நோய்?

பிளாசா சிங்கப்பூராவைத் தாண்டிப் பச்சை விழுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் எஞ்சின் சுழற்சி மூவாயிரத்துக்கு ஏறி அங்கேயே நிற்க, காரின் வேகம் பின்னால் ஏறி வருகிறது. இது இயல்பு. எஞ்சினைச் சக்தி மிகுந்த சுழற்சியில் நிறுத்திவைத்து விகிதத்தை மட்டும் மாற்றுவதுதான் சிவிடியின் வேலை. இந்த ஒலி ஓட்டுநர்களுக்குப் பிடிக்காததால் பல நிறுவனங்கள் மென்பொருளில் பொய்ப் படிகளைச் சேர்த்துள்ளன. சுழற்சி ஏறி இறங்கும், உள்ளே கியர் எதுவும் மாறாது. டொயோட்டா 2018-இல் அறிவித்த புதிய வகையில் புறப்படுவதற்கென்று உண்மையான ஒரு பல்சக்கரத்தையே வைத்தது. அந்த வகைக் கார்கள் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது பழைய ஆட்டோ போலவே இருக்கும். ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

இன்னும் சில இயல்புகள்: காலை எடுத்ததும் கேட்கும் மெல்லிய ரீங்காரம், நிற்கப் போகும் கடைசி நொடியில் ஒரு சிறு தள்ளல், காலையில் முதல் சில நிமிடங்கள் சற்று உயர்ந்த சுழற்சி. அவசரமாக பிரேக் போட்டு நின்றபின் அடுத்த புறப்பாடு ஒரு கணம் மந்தமாக இருப்பதும் இதில் சேரும். பெல்ட் தாழ்ந்த விகிதத்துக்குத் திரும்பி வர நேரம் கிடைக்காததே காரணம். பயப்பட வேண்டாம், சட்டென்று முழுதாக மிதிக்கவும் வேண்டாம்.

நோயின் அறிகுறிகள் வேறு:

• மணிக்கு 20 முதல் 60 கிலோமீட்டர் வேகத்தில், மிதமாக மிதிக்கும்போது தொடர்ச்சியான அதிர்வு.
• சுழற்சி ஏறுகிறது, வேகம் ஏறவே இல்லை. பிறகு திடீரென்று பிடிக்கிறது.
• டி அல்லது ஆர் போட்டபின் இரண்டு, மூன்று நொடி தாமதமாக "டொக்" என்று விழுவது.
• வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் ஊளைச் சத்தம்.
• எச்சரிக்கை விளக்கு எரிந்து, எவ்வளவு மிதித்தாலும் கார் ஊர்ந்தே போவது. பெட்டி தன்னைக் காத்துக்கொள்ளும் நிலை இது.

இவற்றைக் கண்டதும் கியர்பாக்ஸை மாற்றச் சொல்பவரிடம் உடனே தலையாட்ட வேண்டாம். அதிர்வுக்குத் தீய்ந்த ஸ்பார்க் பிளக்கோ கிழிந்த எஞ்சின் மவுன்டிங்கோ காரணமாகலாம். ஊளைக்குச் சக்கர பேரிங் காரணமாகலாம். கணினியில் பிழைக் குறியீட்டைப் படிப்பது முதல் வேலை, எண்ணெயைப் பார்ப்பது இரண்டாவது, பெட்டியைக் கழற்றுவது கடைசி. சில தலைமுறைப் பெட்டிகள் மெய்யாகவே பலவீனமானவை என்பதையும் மறைக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் நிசான் 2003 முதல் 2010 வரையிலான தன் சிவிடி கார்களுக்கு உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் என நீட்டியது. வாங்கப்போகும் காரின் ஆண்டையும் மாடலையும் குறித்துத் தேடிப் படிப்பது அதனால்தான் அவசியம்.

நெரிசலில் ஓட்டும் வரிசை

சிவிடிக்குச் சிங்கப்பூரின் கடினமான சோதனை தேக்கா சுற்றுவட்டாரம்தான். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிராங்கூன் சாலையும், தைப்பூசத்தன்று சுற்றியுள்ள சாலைகளும் ஊர்ந்தே நகரும். சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டோபி காட் வழியாகத் தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்லும் காவடி ஊர்வலத்துக்காகத் தடங்கள் அடைபடும்போது, கார்கள் பக்கத்துச் சாலைகளில் குவிகின்றன. வெளியே 31, 32 டிகிரி. உள்ளே குளிர்சாதனம் முழு வேகத்தில். காற்று ரேடியேட்டருக்குள் புகவே இல்லை. எண்ணெய் சூடாவது இப்படித்தான்.

1. கிளம்பும்போது எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டாம். நிறுத்திய காரில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றம். சிவிடிக்கும் அது தேவையில்லை. முதல் சில நிமிடங்கள் மென்மையாக ஓட்டினாலே எண்ணெய் சூடேறிவிடும்.

2. பிரேக்கிலிருந்து காலை எடுத்து, கார் தானாக ஊர்ந்து ஒரு மீட்டர் நகர்ந்தபின் மிதியுங்கள். நின்ற இடத்திலேயே மிதித்து எழுப்புவது பெல்ட்டுக்கும் கிளட்ச்சுக்கும் சுமை.

3. முன்காரோடு இடைவெளி விடுங்கள். பத்து முறை நின்று கிளம்புவதற்குப் பதில் இரண்டு முறை மெதுவாக நகர்ந்தால் போதும்.

4. விளக்கில் டி-யிலேயே பிரேக்கை அழுத்தி நில்லுங்கள். "பிரேக் ஹோல்ட்" பொத்தான் இருந்தால் பயன்படுத்துங்கள். விளக்குக்கு விளக்கு என், டி என்று மாற்றுவது பழைய பழக்கம். ஒவ்வொரு மாற்றத்திலும் உள்ளே ஒரு கிளட்ச் பிடித்து விடுகிறது. நீண்ட நேரம் நிற்க வேண்டியிருந்தால் மட்டும் பி.

5. விரைவுச்சாலையில் சேரும் இணைப்புச் சாலையில் கடைசி நேரத்தில் தரையோடு மிதிக்க வேண்டாம். சிவிடி விகிதத்தை மாற்ற ஒரு கணம் எடுக்கும். முன்கூட்டியே எஸ் நிலைக்கு மாறி, படிப்படியாக அழுத்துங்கள். இடைவெளி வரும்போது கார் தயாராக இருக்கும்.

6. இறக்கத்தில் என் போட்டு உருட்டவே கூடாது. எஞ்சின் பிரேக் போய்விடும், பெட்டிக்கும் கெடுதல்.

சரிவும் பலமாடி நிறுத்துமிடமும்

டோபி காட்டுக்கு மேலே மவுன்ட் சோஃபியா, மவுன்ட் எமிலி பக்கம் மேடு ஏறும் சாலைகள் உண்டு. அடித்தள நிறுத்துமிடங்களின் சாய்வுப் பாதைகள் எங்கும் உண்டு. வார இறுதியில் அந்தச் சாய்வுகளிலேயே வரிசை நிற்கும். அப்போது பலர் பிரேக் மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்திக் காரைப் பின்னால் உருளாமல் பிடித்துவைக்கிறார்கள். சில நிமிடங்களில் எண்ணெயைக் கொதிக்கவைக்க இதைவிட நிச்சயமான வழி கிடையாது. பிரேக்கில் நில்லுங்கள்.

சரிவில் நிறுத்தும் வரிசை இது: கால்பிரேக்கை அழுத்தி நிறுத்துங்கள், என் போடுங்கள், ஹேண்ட்பிரேக்கை இழுங்கள், கால்பிரேக்கை மெல்லத் தளர்த்தி ஹேண்ட்பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள், மீண்டும் அழுத்திப் பி போடுங்கள். நேரே பி போட்டுக் காலை எடுத்தால் காரின் முழு எடையும் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு கொக்கியில் தொங்கும். மறுநாள் பி-யிலிருந்து எடுக்கும்போது கேட்கும் "டப்" சத்தம் அதன் முறையீடு.

கார் முழுதாக நின்றபின்தான் ஆர்-இலிருந்து டி. குறுகிய இடத்தில் மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்து நிறுத்துபவர்கள் அவசரத்தில் தவறுவது இங்கேதான். சக்கரம் தடுப்புக்கட்டையில் முட்டியபின்னும் மிதித்துத் தள்ளுவதும் பெல்ட்டை வழுக்கவைக்கும். எஃகுத் தட்டில் ஒருமுறை விழுந்த கீறல் ஆறாது.

காஸ்வே தாண்டி

முக்கால் தொட்டி பெட்ரோல் விதியைப் பார்த்துவிட்டு ஜோகூர் பாருவுக்குள் போகும் குடும்பங்களில் பல, அங்கிருந்து வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறும். சமதளத்தில் 110 கிலோமீட்டர் வரம்புக்குள் ஓடுவது சிவிடிக்குச் சுகமான வேலை. எஞ்சின் தாழ்ந்த சுழற்சியில் அமைதியாக ஓடும். சிக்கல் கெந்திங் மலையில். ஐந்து பேர், நிறைய பெட்டிகள், சிறிய எஞ்சின், விடாத ஏற்றம்.

ஏறும்போது எஸ் அல்லது எல் நிலையில், சீரான வேகத்தில் போங்கள். முன்வண்டியை ஒட்டிப் போய் மிதித்து விட்டு, மிதித்து விட்டு ஏறுவது கூடாது. எஞ்சின் சத்தம் அதிகமாக இருக்கட்டும்; குறைந்த வேகம், உயர்ந்த சுழற்சி என்பதே எண்ணெயைக் காக்கும். இறங்கும்போதும் அதே எஸ், எல் அல்லது (நிறுத்தத்துக்கான பி அல்ல) ‘B’ என்ற பிரேக் குறியுள்ள நிலை. காலால் மட்டும் பிடித்து இறங்கினால் பிரேக் சூடாகி வலுவிழக்கும். இது உயிர் சம்பந்தப்பட்டது.

எண்ணெய்ச் சூட்டு எச்சரிக்கை வந்தால்:

1. அபாய விளக்கைப் போட்டுப் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குங்கள்.
2. பி போடுங்கள், கையேடு வேறு சொல்லாதவரை எஞ்சினை அணைக்காமல் ஓடவிடுங்கள். எண்ணெய் குளிர்விப்பானில் சுற்றி வரட்டும்.
3. விளக்கு அணைந்ததும் மெதுவாகத் தொடருங்கள். அணையாவிட்டால் இழுவை வண்டியை அழையுங்கள்.

இழுவை வண்டிக்காரரிடம் முதல் வாக்கியமாகவே "சிவிடி கார்" என்று சொல்லுங்கள். இயக்கும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால் எண்ணெய் பம்ப் ஓடாமல் பெல்ட் உலர்ந்து தேயும். முன்சக்கர இயக்கமானால் முன்சக்கரங்களைத் தூக்க வேண்டும். சுபாரு போன்ற நான்குசக்கர இயக்கமானால் முழுக் காரும் தட்டு லாரியில் ஏற வேண்டும். சிங்கப்பூர் விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி அருகிலுள்ள குறிப்பிட்ட நிறுத்துமிடம் வரை இலவசமாகவே இழுத்துச்செல்லும். அதை ஓட்டிவருபவரிடமும் சிவிடி என்று சொல்ல மறக்க வேண்டாம்.

வெள்ளத்தில்

டோபி காட்டில் ஒரு காலத்தில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்த ஓடை, இன்று ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாக அடங்கிக் கிடக்கிறது. 16 ஜூன் 2010 அன்று ஆர்ச்சர்ட் ரோட்டை மூழ்கடித்தது அந்தக் கால்வாயில் வடியாமல் பொங்கிய நீர்தான். அதன் சுமையைக் குறைக்கும் திசைதிருப்பு வாய்க்கால் 2018-இல் முடிந்தது. ஆனாலும் திடீர் வெள்ளம் தீவில் எங்கும் வரக்கூடியது.

சிவிடி பெட்டியின் மேலே காற்றுவிடும் சிறு குழாய் ஒன்று உண்டு. சூடான பெட்டி குளிர்ந்த நீரில் முங்கினால் அந்தக் குழாய் வழியாகவே தண்ணீரை உறிஞ்சும். சக்கர மையத்தைத் தொடும் நீரில் இறங்காதீர்கள். இறங்கிவிட்டால், கார் நன்றாக ஓடினாலும் அந்த வாரமே எண்ணெயைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த நிறத்தில் இருந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

எண்ணெய்: இந்த அத்தியாயத்தின் உயிர்

"வாழ்நாள் எண்ணெய், மாற்றவே தேவையில்லை" என்று சில கையேடுகள் சொல்கின்றன. சிங்கப்பூரின் வெப்பத்திலும் நின்று நகரும் ஓட்டத்திலும் அதை நம்புவது தவறு. பல கையேடுகளிலேயே கடினப் பயன்பாட்டுக்கென்று தனிக் கால அளவு சிறிய எழுத்தில் இருக்கும். நம் ஓட்டம் அந்த வகை. இங்குள்ள மெக்கானிக்குகள் பொதுவாகச் சொல்லும் 40,000 கிலோமீட்டர் நியாயமான கணக்கு. வாடகைக்கு ஓடும் கார்களுக்கு இதைத் தள்ளிப்போடவே கூடாது.

வீவக நிறுத்துமிடத்தில் ஜாக்கி போட்டு இதைத் தாமே செய்ய நினைப்பவர்களுக்கு: வேண்டாம். அளவு பார்க்கக் குறிப்பிட்ட வெப்பநிலையும் கணினிக் கருவியும் தேவை. ஜாக்கியில் மட்டும் நிற்கும் காரின் அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து. பழைய எண்ணெயைச் சாக்கடையில் விடுவது குற்றம். சின் மிங், காக்கி புக்கிட், உபி பட்டறைகளில் பக்கத்தில் நின்று இந்த வரிசையில் செய்யவையுங்கள்.

1. கையேட்டிலுள்ள எண்ணெயின் பெயரை எழுதி எடுத்துப்போங்கள். ஹோண்டாவுக்கு எச்சிஎஃப்-2, நிசானுக்கு என்எஸ்-3, டொயோட்டாவுக்கு எஃப்இ, மிட்சுபிஷிக்கு ஜே4 என்று மாடலுக்கேற்ப மாறும். சாதாரண ஆட்டோ கியர் எண்ணெய் ஊற்றினால் பெல்ட் பிடிப்பிழக்கும். இதுவே ஆக மோசமான, ஆகச் சாதாரணமாக நடக்கும் தவறு.
2. முத்திரை உடையாத டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள்.
3. வடித்த எண்ணெயின் அளவை அளக்கச் சொல்லுங்கள். ஒருமுறை வடித்தால் ஏறக்குறைய பாதிதான் வெளிவரும், அது இயல்பு.
4. அடித்தட்டைக் கழற்றினால் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். செதில், ஊசி போன்ற துண்டுகள் இருந்தால் பெல்ட்டோ பேரிங்கோ போய்க்கொண்டிருக்கிறது.
5. வடித்த அளவே ஊற்றி, பிரேக்கை அழுத்தியபடி பி, ஆர், என், டி ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்த வேண்டும்.
6. கையேடு சொல்லும் வெப்பநிலையில், சமதளத்தில் அளவைச் சரிபார்க்க வேண்டும். கூடுதலாக இருந்தால் நுரைக்கும். குறைந்தால் அழுத்தம் விழும்.
7. நிசான் போன்ற கார்களில் எண்ணெய்த் தேய்வுக் கணக்கைக் கணினியில் பூஜ்யமாக்க வேண்டும்.
8. ரசீதில் எண்ணெயின் பெயர், லிட்டர், கிலோமீட்டர் மூன்றும் இருக்க வேண்டும். காரை விற்கும்போது அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு.

இயந்திரத்தால் அழுத்தித் தள்ளிக் கழுவும் முறையையும், "அதிர்வை நிறுத்தும்" புட்டி மருந்துகளையும் தவிர்த்துவிடுங்கள்.

பழைய கார் வாங்கும்போது

ஓட்டிப் பார்க்கும் பாதையை நீங்களே தேர்ந்தெடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். டி, ஆர் மாற்றி தாமதம் பாருங்கள். மவுன்ட் சோஃபியா போன்ற சரிவில் பின்னோக்கி ஏறிப் பாருங்கள். பலவீனமான பெட்டி அங்கே தயங்கும். பிறகு நெரிசலான சாலையில் அரைமணி நேரம். நன்கு சூடானபின் 30, 40 கிலோமீட்டரில் மிதமாக மிதித்து அதிர்வைத் தேடுங்கள். கடைசியாக விரைவுச்சாலையில் ஒருமுறை முழு முடுக்கம்.

விகாம் அல்லது எஸ்டிஏ மையத்தில் வாங்குமுன் செய்யும் தனிப் பரிசோதனைக்குப் பணம் கொடுங்கள். காருக்குக் கட்டாயமான வழக்கமான பரிசோதனையில் தேறியது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். அதில் கியர்பாக்ஸைத் திறந்து பார்ப்பதில்லை.

வணிகரிடம் வாங்கிய காரில் ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், 1 செப்டம்பர் 2012 முதல் நடப்பில் உள்ள குறைபாட்டுப் பொருள் சட்டம் துணை நிற்கும். பழுதுபார்த்தல், மாற்று, விலைக்குறைப்பு, பணம் திரும்பப் பெறுதல் என்று வழிகள் உண்டு. பழைய காரின் வயதுக்கேற்ற தேய்மானம் இதில் சேராது. தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பும் இல்லை.

பெட்டியை மாற்றலாமா?

1990 முதல் சிங்கப்பூரில் ஒரு காரின் ஆயுளை வாகன உரிமைச் சான்றிதழின் 10 ஆண்டு தீர்மானிக்கிறது. சான்றிதழில் ஐந்தாறு ஆண்டு மீதமிருந்தால், சீரமைத்த பெட்டியை எழுத்துபூர்வ உத்தரவாதத்தோடு போடுவது சரியான செலவு. ஒன்றரை ஆண்டே மீதமிருந்தால் எண்ணெய் மாற்றம், எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பாடியின் சரிபார்ப்பு இவற்றோடு நிறுத்திக்கொண்டு, பெட்டி தாங்கும்வரை ஓட்டிப் பதிவை நீக்குவதே பெரும்பாலோருக்கு ஏற்றது. ஐந்து அல்லது பத்து ஆண்டுக்கு நீட்டிக்க நினைப்பவர்கள், அந்தப் பெருந்தொகையைக் கட்டுமுன் கியர்பாக்ஸைப் பரிசோதித்துவிட வேண்டும். ஐந்தாண்டு நீட்டிப்பை மீண்டும் நீட்டிக்க முடியாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இன்று செய்ய வேண்டியது ஒன்றுதான். காரின் முன்பெட்டியில் கிடக்கும் கையேட்டை எடுத்து, எண்ணெயின் பெயரைப் பாருங்கள். சர்வீஸ் ரசீதுகளில் அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று தேடுங்கள். பதில் கிடைக்காவிட்டால் இந்த வாரமே பட்டறைக்கு நேரம் குறித்துவிடுங்கள்.